தரையில் ஊர்ந்த கப்பல்

மொட்டை மாடியில் இருப்பது தண்ணீர் டேங்க். போர்க்களத்தில் பீரங்கியோடு உருள்கிற டாங்கியும் டேங்க்தான். இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது? இந்தக் கேள்வி உங்களுக்கு முன்பே தோன்றியிருந்தால், சபாஷ்!

1915ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்சில் இரு தரப்புப் படைகளும் பதுங்குகுழி வெட்டி எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. நடுவில் முள்கம்பி வேலி. தலையைத் தூக்கினால் இயந்திரத் துப்பாக்கி சுடும். குழியையும் வேலியையும் தாண்டிப் போக ஓர் இரும்பு வண்டி வேண்டும்.

அந்த வேலையில் பிரிட்டனில் முனைப்பாக இறங்கியது யார் தெரியுமா? கடற்படை! கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு குழு அமைத்தார். அதன் பெயர் தரைக்கப்பல் குழு. தலைவர் டென்னிசன் டெய்ன்கோர்ட், போர்க்கப்பல் வடிவமைப்பவர்.

கப்பல்காரர்கள் கூடினால் கப்பல் பேச்சுதானே வரும்? வண்டியின் உடலுக்கு 'ஹல்' என்று பெயர். கப்பலின் உடலையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆள் உள்ளே இறங்குகிற, மூடி போட்ட வாசலுக்கு 'ஹாட்ச்'. அதுவும் கப்பல் சொல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் 'ஸ்பான்சன்'. சொல்லிப் பாருங்கள், வாய் நிறைய வரும்! பழைய நீராவிக் கப்பல்களில் இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரம் சுழலும். அதை ஒட்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மேடைதான் ஸ்பான்சன். பிறகு போர்க்கப்பல்களின் பக்கவாட்டில் பீரங்கி வைக்கவும் அதே மாதிரி மேடை கட்டினார்கள். முதல் டாங்கியான 'மார்க் 1' வண்டிக்கும் இரண்டு விலாவிலும் இரும்புக் கூண்டு ஒவ்வொன்று உண்டு. பாதி வண்டிகளில் கூண்டுக்குள் கடற்படைப் பீரங்கி. பெயரும் கூடவே வந்துவிட்டது.

"பீரங்கியை உச்சியில் வைத்திருக்கலாமே?" என்கிறீர்களா? நல்ல கேள்வி! வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது எப்படி ஆடும்? பாரம் மேலே ஏற ஏற, ஈர்ப்பு மையமும் மேலே ஏறும். வண்டி சீக்கிரம் குடை சாயும். மார்க் 1 ஏற்கெனவே உயரமான வண்டி, எடை சுமார் 28 டன். அது குழிகளில் ஏறி இறங்க வேண்டும். அதனால்தான் பீரங்கி பக்கத்துக்குப் போனது. புரிந்ததா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள், அவசரமில்லை.

இதில் ஒரு தொல்லையும் இருந்தது. கூண்டுகளோடு ரயிலில் ஏற்ற முடியாத அளவுக்கு வண்டி அகலம். ஒவ்வொரு பயணத்துக்கும் அவற்றைக் கழற்றி மாட்ட வேண்டும்!

சரி, டேங்க் என்ற பெயர்? அது எதிரியை ஏமாற்றுவதற்காக வைத்த பெயர். பிரிட்டனின் லிங்கன் நகரில், விவசாய இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வண்டி தயாரானது. 'தரைக்கப்பல்' என்று சொன்னால் ரகசியம் உடைந்துவிடுமே! பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று சொல்லிவைத்தார்கள். 'வாட்டர் கேரியர்' என்றே பெயரிட நினைத்தார்களாம். அதன் முதலெழுத்துகள் டபிள்யூ.சி. அதாவது, கழிப்பறை! 'டபிள்யூ.சி. குழு' என்றால் யார்தான் அதில் சேருவார்கள்? 1915 கடைசியில் 'டேங்க்' என்று முடிவானது. போதாக்குறைக்கு, ரஷ்யாவுக்குப் போகிற சரக்கு என்று நம்பவைக்க, வண்டிகளின்மேல் ரஷ்ய எழுத்தில் பெட்ரோகிராடு முகவரிகூட எழுதினார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் அவை ஊர்ந்து வந்தபோதுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. வேகம் என்னவோ மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான். நீங்கள் ஓடியே முந்திவிடலாம்.

அடுத்த ஆண்டே பிரெஞ்சுக்காரர்கள் ரெனோ எஃப்டி என்ற சின்ன டாங்கி செய்தார்கள். அது குட்டை வண்டி. அதனால் பாரத்தை மேலே வைக்க முடிந்தது. சுற்றும் பீரங்கிக் கோபுரம் உச்சிக்கு வந்தது. அதன் பெயர் 'டரட்'. அதுவும் கப்பலில் ஏற்கெனவே இருந்ததுதான்! 1862இலேயே அமெரிக்காவின் மானிட்டர் என்ற போர்க்கப்பலில் டரட் சுழன்றது.

நம் ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கிக்கும் ஹல், ஹாட்ச், டரட் எல்லாம் உண்டு. ஸ்பான்சன்? விலாவில் பீரங்கி வைக்கும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. ஆனால் டாங்கிகளில் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டைக்கு மேலே துருத்தும் உடல் பகுதியை இன்றும் ஸ்பான்சன் என்றுதான் சொல்கிறார்கள்.