சல்யூட் அடித்த மைனார்ஸ்கி

ரயில்வேயில் இருந்தவர்களுக்குத் தெரியும், யார்டு நின்றால் எல்லாமே நிற்கும். அதனால்தான் 1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் கம்ப்ரே ரயில் யார்டைத் தாக்க லங்காஸ்டர் விமானங்கள் புறப்பட்டன. ஒன்றில் கனடா நாட்டு ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. வயது 27, துப்பாக்கி வீரர். பெற்றோர் போலந்திலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்கள்.

எதிரி சுட்டதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன. வால்பகுதித் துப்பாக்கிக் கூண்டு, எஞ்சின் தரும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் திரும்புவது. அழுத்தம் போகவே அது பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே தோழர் பேட் பிராஃபி.

குதித்துத் தப்பியிருக்கலாம். மைனார்ஸ்கியோ தீக்குள் தவழ்ந்துபோய்க் கூண்டைத் திறக்கப் போராடினார். உடையும் பாராசூட்டும் பற்றி எரிந்தன. பிராஃபி போகச் சொல்லிக் கையசைத்ததும், நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார், தீக்காயங்களால் இறந்தார்.

விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து பிராஃபி உயிர்பிழைத்தார்! அவர் வந்து சொன்னதால்தான் உலகம் இதை அறிந்தது; 1946இல் விக்டோரியா கிராஸ் விருதும் வழங்கப்பட்டது. பிழைத்தவர் சொன்னால்தான் போனவர் நிலைப்பார், அன்பர்களே.