எண்பதைத் தாண்டினால் நடுங்கும் ஸ்டீயரிங்

பழைய காரில் எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். நூற்றுப்பத்தை நெருங்கினால் பாதி அடங்கியும் விடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், ‘வண்டி பழசு சார், கீழே எல்லாம் லூஸா இருக்கும்’ என்று ஆரம்பித்து டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டீயரிங் ரேக் என்று பட்டியல் நீளும். பட்டியலில் பொய்யில்லை, பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் இவையெல்லாம் தேய்ந்துதான் இருக்கும். ஆனால் தேய்ந்த ஜாயின்ட் தானாக நடுங்காது. அதைப் பிடித்து ஆட்ட ஏதோ ஒன்று சுற்ற வேண்டும். பெரும்பாலும் அது சக்கரம்தான். பர்ஸைத் திறப்பதாக இருந்தால் முதலில் அங்கேதான் திறக்க வேண்டும்.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 145/70 ஆர்12 டயரின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். 90 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது; சக்கரம் நொடிக்குப் பதினாறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. ரிம் விளிம்பில் ஒரு பக்கம் வெறும் 30 கிராம் கூடியிருந்தால் (உள்ளே காய்ந்து ஒட்டிய சேறே போதும்) அந்த வேகத்தில் அது சக்கரத்தை ஏறக்குறைய நாலரைக் கிலோ விசையோடு வெளியே இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முன்னே, கீழே, பின்னே, மேலே என்று இழுப்பின் திசை மாறிக்கொண்டே இருக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். 45-இல் அது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். ஊருக்குள் ஓட்டும்போது கைக்கு எதுவும் தெரியாதது இதனால்தான். வேகம் இன்னும் கூடினால் நடுக்கம் ஏன் அடங்குகிறது? சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங் இணைப்புகளுக்கும் இயல்பான ஆட்டத் தாளம் ஒன்று உண்டு. சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு சேரும் வேகத்தில், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல, ஆட்டம் பெருகும். அதைத் தாண்டினால் தணியும்.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் வந்தால், டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்கலாம். கைக்குத் தெரியாமல் சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். அம்பாசடர் போன்ற வண்டியானால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் சந்தேகத்துக்குரியதே. முப்பதில் உருளும்போதே தள்ளாடினால் டயருக்குள் பெல்ட் விட்டுப் போயிருக்கக்கூடும். அந்த டயரோடு ஹைவேயில் ஏறவே கூடாது.

‘அலைன்மென்ட், பேலன்ஸிங் எல்லாம் பார்த்தாச்சு, அப்படியும் நிற்கலை’ என்பார்கள். ஒரே மூச்சில் சொல்வதாலேயே இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டது. அலைன்மென்ட் சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது; வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் டயர் ஓரமாகத் தேய்வதும் அதன் கணக்கில் வரும், இந்த நடுக்கம் வராது. பேலன்ஸிங்கிலும் ஓர் ஓட்டை உண்டு. எடை சரியாக இருந்தால் மெஷின் பூஜ்யம் காட்டிவிடும். டயர் வட்டமாக இருக்கிறதா என்று சாதாரண மெஷின் பார்ப்பதில்லை. சக்கரம் மெஷினில் மெதுவாகச் சுழலும்போது ஒரு பேனாவை அசையாமல் டயர்ப் பரப்புக்கு அருகே பிடித்துப் பாருங்கள். இடைவெளி விரிந்து சுருங்கினால் டயரோ ரிம்மோ கோணல். எத்தனை ஈயக்கட்டி ஒட்டினாலும் தீராது. பேனாவை ரிம் விளிம்புக்கு நகர்த்தினால் எது கோணல் என்பதும் தெரிந்துவிடும். பள்ளத்தில் இறங்கி அடிபட்ட ரிம்கள் நம் சாலைகளில் அபூர்வமா என்ன?

மெக்கானிக் தரப்பிலும் நியாயம் உண்டு. புது வண்டி சத்தமில்லாமல் விழுங்கிவிடும் சிறு எடை வித்தியாசத்தை, புஷ் தேய்ந்த வண்டி பெரிதாக்கிக் கைக்கு அனுப்பும். தளர்ந்த டை ராட் எண்ட் நடுங்காவிட்டாலும் ஆபத்துதான், மாற்றியே ஆக வேண்டும். என் வாதம் வரிசையைப் பற்றியது மட்டுமே. முதலில் வீல் நட்டுகளை இறுக்க வேண்டும். பிறகு முன் சக்கரங்கள் இரண்டையும் பின்னுக்கு மாற்றி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுக்கம் கையிலிருந்து சீட்டுக்குப் போனால் குற்றவாளி சக்கரத்தோடு போய்விட்டது. கையிலேயே நின்றால் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டலாம்: இட வலமாக ஆடினால் டை ராட் எண்ட், மேலும் கீழும் பிடிக்கும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். ஸ்பேனரை எடுப்பது அதற்கப்புறம்.