மாற்றமறிந்து இயங்கும் கட்டளைகள்

கணினியில் ஒரு கோப்பைத் திருத்துகிறோம். அதிலிருந்து உருவாகும் மற்றொரு கோப்பைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறோம். கலைச்சொற்பட்டியலில் ஒரு சொல்லைத் திருத்திய பின், அச்சுக்குரிய கோப்பை மீண்டும் உருவாக்காவிடில், பிழைபட்ட சொல்லே மாணவர் கையைச் சென்றடையும். பழைய கோப்பு தன்னைப் பழையதென்று சொல்லிக்கொள்வதில்லை. சிக்கலின் வேர் இதுவே.

இதனைத் தீர்க்க, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார். அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே திருத்திவிட்ட நிரலில் ஒரு காலைப்பொழுது முழுவதும் பிழை தேடினார். திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமல் இருந்ததே காரணம். அந்நிகழ்ச்சியே இக்கருவிக்குத் தூண்டுதலாயிற்று.

மேக் கருவிக்கு நாம் மூன்று செய்திகளைத் தருகிறோம்: உருவாக வேண்டிய கோப்பு எது, அது எக்கோப்புகளைச் சார்ந்தது, அதனை உருவாக்கும் கட்டளை யாது. கருவி, கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரங்களை ஒப்பிடும். மூலக்கோப்பு விளைகோப்பினும் புதியதாயின் கட்டளையை இயக்கும். இல்லையேல் வாளா இருக்கும். ஆகவே, 100 இயல்கள் கொண்ட நூலில் ஓர் இயல் மாறினால், அதனைச் சார்ந்தவை மட்டுமே மீண்டும் உருவாகும்.

ஆயினும், மேக் கருவியை நாமே அழைத்தாக வேண்டும். அவ்வேலையையும் கணினியிடம் ஒப்படைக்கலாம். 2005ஆம் ஆண்டு லினக்ஸ் கருவகத்தில் இடம்பெற்ற 'ஐநோட்டிஃபை' என்னும் வசதி, கோப்பு மாறியவுடன் கண்காணிப்பு நிரலுக்கு அறிவிக்கும். நிரல் உடனே கட்டளையை இயக்கும். ஒவ்வொரு கோப்பையும் இடைவிடாது சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். விளைகோப்பும் கண்காணிக்கப்படும் கோப்புறையிலேயே இருந்தால், கட்டளை தன் விளைவையே புதிய மாற்றமாகக் கருதி ஓயாது சுழலும். மேலும், சில எழுதுகருவிகள் பழைய கோப்பைத் திருத்தாமல் புதிய கோப்பை எழுதி அதன் இடத்தில் வைக்கும். கோப்பினை மட்டும் கண்காணிக்கும் நிரல் அப்போது அதனைத் தவறவிடக்கூடும். கோப்புறையைக் கண்காணிப்பதே நன்று.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. நாம் குறிப்பிடாத சார்பைக் கருவி அறியாது. நூல் கலைச்சொற்பட்டியலைச் சார்ந்தது என்பதை எழுதாவிடில், பட்டியல் எத்தனை முறை மாறினும், "எல்லாம் புதியவையே" என்று மேக் கூறிவிடும். மறதியைக் கருவி நீக்கும். எது எதனைச் சார்ந்தது என்று ஆராய்ந்து முறையாக எழுதிவைப்பது நம் கடன். மாணவர்க்கு இக்கருவியைக் கற்பிக்கும்போது முதலில் கற்பிக்க வேண்டியதும் அதுவே.