மென்பொருள் வரலாற்றைப் பெயர்த்தெழுதுதல்

ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் பலர் இறுதியில் ஆண்டும் நாளும் தம் பெயரும் பொறித்துவைத்தனர். பாடபேதம் நேர்ந்துழி அக்குறிப்பே பின்னோர்க்குத் துணையாயிற்று. மென்பொருள் இயற்றுவோரும் எவ்வரியை எவர், என்று, எக்காரணத்தால் திருத்தினார் என்பதனைப் பதிந்துவைக்கின்றனர். அதற்குரிய கருவிகள் சி.வி.எஸ்., சப்வெர்ஷன், கிட் முதலியன. ஒன்றினின்று மற்றொன்றிற்கு அவ்வரலாற்றைப் பெயர்க்குமாறு எங்ஙனமென ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இன்றைய நிலையை மட்டும் கொண்டுசெல்லுதல் எளிது. லினக்ஸ் 2005 ஏப்ரலில் பிட்கீப்பரை விடுத்துக் கிட்டிற்கு வந்தபோது, பழைய வரலாற்றை உடன்கொணராது புதிதாகவே தொடங்கிற்று. 1987-இல் வெளிப்போந்த ஜி.சி.சி. என்னும் தொகுப்பியோ, 2020 ஜனவரியில் சப்வெர்ஷனினின்று கிட்டிற்குத் தன் வரலாற்றைச் சுமந்தே மாறிற்று.

சுமந்து செல்லுதற்கண் உள்ள இடர் மூன்று. முதலாவது பெயர். சப்வெர்ஷன் திருத்தினாரது குறும்பெயரையே பதியும்; கிட்டோ பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். ஆதலின் இக்குறும்பெயர் இன்னாரைச் சுட்டும் என அட்டவணை முன்னரே வகுத்தல் வேண்டும்.

இரண்டாவது எண். சப்வெர்ஷன் திருத்தங்களை 1, 2, 3 என எண்ணிச்செல்லும். கிட் உள்ளடக்கத்தினின்று கணித்த 40 எழுத்துக் குறியீட்டால் அழைக்கும். பழைய எண்ணைச் சுட்டும் குறிப்புக்கள் அப்போது பொருளிழக்கும். நம் கொங்குநாட்டு நிலப்பத்திரங்களிற் பழைய புல எண்ணோடு புதியதனையும் எழுதுமாறு போல, ஈண்டும் இரண்டனையும் இணைத்துக்காட்டல் வேண்டும்.

மூன்றாவது தொகுதி. சி.வி.எஸ். ஒவ்வொரு கோப்பின் திருத்தத்தையும் தனித்தனியே பதியும். பத்துக் கோப்புக்கள் ஒருசேரத் திருத்தப்படினும் அவற்றின் உறவு பதிவாகாது. திருத்தினாரும் குறிப்பும் ஒத்து, காலமும் அணுகிநிற்பனவற்றை ஒன்றாகக் கோத்தல் வேண்டும்.

கிட்டின் ஒவ்வொரு குறியீடும் முந்தையதனை உட்கொண்டு கணிக்கப்படுவது. எனவே பிழையொன்றைப் பிற்காலத்துத் திருத்தின், அதன்பின் உள்ளன யாவும் மாறும். பலர் கைக்கொள்ளுமுன்னரே பழைய பதிப்புக்களை இரு கருவிகளினின்றும் எடுத்து ஒப்பிட்டு நோக்குதல் இன்றியமையாதது. மூலக் களஞ்சியத்தையும், எவரும் மாற்றவொண்ணாதவாறு பூட்டி, அழியாது வைத்தல் வேண்டும்.

காலந்தாழ்த்தலும் கேடாம். 2020-இல் பிட்பக்கெட் தளம் மெர்க்கூரியல் களஞ்சியங்களை நீக்கிற்று. பெயர்த்தெடுக்கப்படாதன ஆண்டு இல்லாதொழிந்தன.

இத்துணை உழைப்பு எற்றுக்கெனின், காரணம் மறைந்தால் ஒருகால் நீக்கிய பிழை மீண்டும் புகும். பெயர் மறைந்தால் உழைத்தார் உழைப்பும் மறையும். ஆசிரியர் பெயர் தெரியாத நூல்கள் தமிழிற் பல. மென்பொருட்கும் அந்நிலை வாராமற் காத்தல், அதனைக் கையாள்வார் கடனேயாம்.