சில்லருக்குப் போகும் வெந்நீர்க் குழாய்

அப்சார்ப்ஷன் சில்லர் வெந்நீரை வாங்கிக்கொண்டு குளிர்நீரைத் தரும் இயந்திரம். கம்ப்ரசர் செய்யும் வேலையை இதில் லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசல் செய்கிறது. ஏறக்குறைய வெற்றிடமான அறையில் தண்ணீர் 5 டிகிரியிலேயே ஆவியாகி, கட்டடத்துக்குப் போகும் நீரின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை உறிஞ்சி நீர்த்துப்போன கரைசலைக் காய்ச்சி மறுபடி கெட்டியாக்கத்தான் வெந்நீர் வேண்டும். பெரும்பாலும் 88, 90 டிகிரி. எரிவாயு எஞ்சினைக் குளிர்விக்கும் ஜாக்கெட் நீர் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் வெளியேறுகிறது என்பதால் இரண்டையும் இணைக்கிறார்கள். எப்படியும் வீணாகிற சூடுதானே, குழாய் எப்படிப் போனால் என்ன என்று தோன்றும். சூடு இலவசம்தான், அந்த 88 டிகிரி இலவசமில்லை. நான்கைந்து டிகிரி குறைந்தாலே சில்லரின் திறன் நன்றாகச் சரிகிறது.

100 டன் சில்லருக்குக் குளிர்த்திறன் 352 கிலோவாட். ஒரு பங்கு வெப்பத்துக்கு 0.7 பங்கு குளிர்தான் கிடைக்கும் என்பதால் வெந்நீர் கொடுக்கவேண்டியது சுமார் 500 கிலோவாட். 5 டிகிரி இறக்கத்தில் இதைக் கொடுக்க நொடிக்கு 24 லிட்டர் ஓடவேண்டும், 150 மி.மீ. குழாய் வேண்டும். இறக்கத்தை 10 டிகிரியாக்கினால் ஓட்டம் பாதியாகும், 100 மி.மீ. குழாய் போதும், பம்பும் சின்னதாகும். அப்படியே செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் நீர் 83 டிகிரிக்குப் பதிலாக 78-ல் வெளியேறும், கரைசலைக் காய்ச்சும் சராசரிச் சூடு குறையும், குழாயில் மிச்சம் பிடித்த பணம் பெரிய சில்லருக்குப் போகும். வெந்நீர் வெகுதொலைவிலிருந்து வருமானால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். இன்சுலேஷனே எல்லாவற்றுக்கும் பரிகாரம் என்பதும் முழு உண்மையல்ல. 150 மி.மீ. குழாய் 100 மீட்டருக்கு மொட்டையாகப் போனால் 30 கிலோவாட் அளவில் வீணாகும். கட்டாயம் சுற்றத்தான் வேண்டும். ஆனாலும் முழு ஓட்டத்தில் அந்த இழப்பால் இறங்குவது அரை டிகிரிகூட இல்லை. டிகிரிகளைத் தின்பவை வேறு. நடுவில் வைக்கும் பிளேட் எக்ஸ்சேஞ்சர் இரண்டு மூன்று டிகிரியை எடுத்துக்கொள்கிறது. ஹெடரில் திரும்பும் நீர் ஐந்தில் ஒரு பங்கு கலந்துவிட்டால் 88 என்பது 87 ஆகிறது.

சில்லர் வாயிலில் வைக்கும் மூன்றுவழி வால்வைப் பற்றியும் ஒரு ஆட்சேபம் உண்டு. சுமை குறையும்போது வெந்நீரை பைபாஸில் வெறுமனே சுற்றவிடுவதைவிட, இருவழி வால்வு போட்டு ஓட்டத்தையே குறைத்தால் பம்பின் மின்சாரம் மிச்சமாகுமே என்பார்கள். எக்ஸ்சேஞ்சரால் பிரிக்கப்பட்ட சுற்றில் இது செல்லும். எஞ்சின் ஜாக்கெட்டோடு நேரே சேர்ந்த சுற்றில் ஓட்டம் குறையவே கூடாது. எந்த வால்வானாலும் சில்லர் நின்றதும் வெந்நீரை இறுக்கமாக நிறுத்தவேண்டும். கசிந்தால் கரைசல் மேலும் கெட்டியாகி, ஆறும்போது உப்பு உறைந்து இயந்திரத்தை அடைத்துவிடும். பம்பைத் திரும்பும் பக்கத்தில் வைப்பதே என் பார்வையில் நல்லது: 90 டிகிரி நீரின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 70 சதவீதம், உறிஞ்சும் பக்கம் அழுத்தம் கொஞ்சம் தாழ்ந்தாலும் பம்புக்குள்ளேயே கொதிக்கும். 30 டிகிரியில் பொருத்திய 100 மீட்டர் எஃகுக் குழாய் 90-ல் ஏழு சென்டிமீட்டர் நீளும். வளைவு லூப் போட்டு அதற்கு இடம் விடாவிட்டால், அந்தத் தள்ளல் முழுவதும் சில்லரின் ஃபிளாஞ்சில் வந்து விழும்.