ஆடுகளத்தில் அவசர வைத்தியர்

2023 சனவரி 2ஆம் நாள் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரிலே, டமார் ஹம்லின் என்னும் 24 வயது அமெரிக்கக் காற்பந்து வீரர் எதிராளியை மறித்து வீழ்த்தி எழுந்தவர், மறுகணமே சாய்ந்தார். மார்பிற்பட்ட அடியால் இதயம் நின்றுவிட்டது. களத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டனர். அவ்வாண்டிலேயே அவர் மீண்டும் ஆடினார்.

விளையாட்டு வைத்தியமென்றால் சுளுக்கும் எலும்பு முறிவுமே நம்மவர் நினைவில் எழும். ஆயின், நின்ற இதயம் கவனிப்பாரற்றுக் கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்துவரை குறையும். அந்நாட்டில் அவசர சிகிச்சை கற்ற இளம் வைத்தியர்கள் விளையாட்டு வைத்தியத்தையும் மேலும் பயின்று சான்றிதழ் பெறுகின்றனர். மூத்தோரிருக்க இளையோர் ஆணையிடுவதா என்பாருமுளர். ஆரவாரத்திடையே ஆணையிடுதல் இவர்க்கு அன்றாடத் தொழிலன்றோ! ஆட்டத்துக்கு ஒருமணி நேரம் முன்னரே இரு அணி வைத்தியரும் கூடி, யார் எதனைச் செய்வதென வகுத்துக்கொள்வது அங்கு வழக்கம்.