சீக்கிரம் முடிந்த காமெடி தொடர்கள்: கொடுத்து வைத்தவையா?

பொங்கலுக்குக் காரைக்குடி போயிருந்தபோது, முகப்பில் உட்கார்ந்து மச்சானோடு ஒரு வாக்குவாதம். "நல்ல காமெடி தொடர் எல்லாமே சீக்கிரம் முடிஞ்சதுதான். இழுத்தா புளிச்சிரும்" என்றார். உதாரணத்துக்கு இயக்குநர் நாகாவின் 'ரமணி வெர்சஸ் ரமணி'யைச் சொன்னார். அப்போது தலையாட்டிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தால் எங்கேயோ இடித்தது. அதனால் இந்தக் குறிப்பு.

முதல் சிக்கல், நம் ஞாபகம். அப்பத்தா வீட்டில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்து தூர்தர்ஷன் பார்த்த தலைமுறை நான். 13 வாரக் கணக்கில் தொடர்கள் வரும், போகும். இன்றைக்குப் பெயர் சொல்லச் சொன்னால் ஐந்தாறு தேறும். மற்றதெல்லாம்? அவையும் சீக்கிரம் முடிந்தவைதான். மொக்கையாக இருந்ததால் மறந்துவிட்டோம், அவ்வளவுதான். தேறியதை மட்டும் எண்ணிவிட்டு "சின்னது எல்லாம் நல்லது" என்பது, பாஸான பையன்களை மட்டும் விசாரித்துவிட்டு பரீட்சை ஈசி என்று சொல்வது மாதிரி.

ஆனாலும் மச்சான் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் ஜான் கிளீசும் கானி பூத்தும் எழுதிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோடுகள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. நம் ஊர் தினசரித் தொடர் வாரம் ஐந்து நாள் வந்தால் வருடத்துக்கு 260. அந்த 12 எபிசோடு சரக்கு இங்கே இரண்டரை வாரத்தில் காலி!

குடும்பக் காமெடியின் எரிபொருள் கதாபாத்திரங்களுக்குள் இருக்கும் உரசல். புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இதில் எத்தனை சண்டை எழுத முடியும்? நிறைய முடியும், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் எழுதுபவர் என்ன செய்வார்? கஞ்சன் மகா கஞ்சன் ஆவான், மறதிக்காரன் அரைப் பைத்தியம் ஆவான். மனிதர் போய் பொம்மை வந்துவிடும்.

'லொள்ளு சபா' கதை வேறு. சந்தானம், சுவாமிநாதன், மனோகர் என்று ஒரு பெரிய கூட்டமே விஜய் டிவியில் அடித்த லூட்டி. அதற்கான சரக்கு வெளியிலிருந்து வந்தது. கோடம்பாக்கம் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்வரை கிண்டலுக்குப் பஞ்சமில்லை. அந்த மாதிரி நிகழ்ச்சி சீக்கிரம் முடிவதால் நமக்கு லாபம் எதுவும் இல்லை.

சரி, பாதியில் நின்றவை? 'போலீஸ் ஸ்குவாட்' என்ற அமெரிக்கத் தொடர் 1982இல் ஆறே எபிசோடுகளோடு ரத்தானது. அதே ஆட்கள், அதே லெஸ்லி நீல்சன், 1988இல் 'தி நேக்கட் கன்' ஆகத் திரும்பி வந்து சினிமாவில் ஜெயித்தார்கள். ஹிந்தியில் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' 2004இல் தொடங்கி 2006இல் முடிந்தது, சுமார் 70 எபிசோடுகள். முதலில் வந்தபோது ரேட்டிங் சுமார்தான். மறுஒளிபரப்பில்தான் கொண்டாடினார்கள். 2017இல் இணையத்தில் இரண்டாவது சீசன் வந்தது. ஆசையாகப் பார்த்தேன். எனக்கு ஏமாற்றம். ஆட்கள் திரும்பி வந்தார்கள், பழைய உரசல் வரவில்லை.

'ரமணி'யும் 2022இல் 'ஆஹா' தளத்தில் மூன்றாவது முறையாக வந்தது. இதில் தம்பதிக்கு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வயது ஏறியதைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்ததால் சண்டை போடப் புது விஷயம் கிடைத்தது. ஆக, நீளத்தைவிட முக்கியம் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' 2008 முதல் ஓடுகிறது. 4000 எபிசோடுகள் தாண்டியாச்சு. அதைத் தினமும் பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதாகத் தெரியவில்லை. தெரிந்த நாலு முகம் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறது, அதுவே போதும். எங்கள் அப்பத்தாவும் கடைசிக் காலத்தில் டிவியை அப்படித்தான் பார்த்தார். காமெடி புளித்துப்போச்சு என்று அவரிடம் சொல்லியிருந்தால், "உனக்கென்னப்பா, நீ பஸ் ஏறிப் போயிருவே" என்றிருப்பார்.

என்னோடு படித்த ஒருவர் சில காலம் காமெடி தொடருக்கு வசனம் எழுதினார். எந்தச் சேனல் என்பது வேண்டாம். ஒரு வியாழக்கிழமை போன் வந்தது, "நாளையிலேர்ந்து ஷூட்டிங் இல்லை" என்று. லைட்மேனிலிருந்து மேக்கப்மேன் வரை அன்றாடச் சம்பளக்காரர்கள். அந்த மாசம் அவர் வாடகைக்கு என்னிடம் கைமாற்று வாங்கினார். "சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே?" என்று இந்தப் பதிவுக்காக இப்போது அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா ஒரு முடிவு எழுதியிருப்பேன்டா. அந்தக் கிழவரும் மருமகனும் இன்னும் பேசிக்காமலே நிக்கிறாங்க."

மச்சானிடம் அடுத்த முறை இதைச் சொல்ல வேண்டும். சீக்கிரம் முடிப்பது நல்லதாக இருக்கலாம். அது எழுதியவர் முடித்ததா, யாரோ நிறுத்தியதா என்பதையும் கேட்டுக்கொள்ளணும்.